தலைவர் யார் என்பது அப்புறம், பட்டியல் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்தலில் தோற்ற கட்சி அடுத்து யாரைத் தலைவராக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழில் சில வாரங்களாகக் கட்டுரைகளும் கடிதங்களும் வந்துகொண்டிருக்கின்றன. எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இளைஞரா மூத்தவரா, வாரிசா வெளியாளா, பேச்சாளரா நிர்வாகியா என்று ஆளைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த ஆளைத் தேர்ந்தெடுக்கப்போவது யார், அவர்கள் கைக்கு அந்த வாக்கு எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு இருப்பது அந்த ஒரு கேள்விதான்.

என் தொழில் ஆயுள் காப்பீட்டு முகவர். கூடவே ஒரு கட்சியில் நெடுநாள் கிளைச் செயலாளர், தேர்தலுக்குத் தேர்தல் பூத் ஏஜென்ட். கட்சியின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். பெயரைப் பார்த்ததும் வாசகர்களில் பாதிப் பேர் மேற்கொண்டு படிக்க மாட்டார்கள். அதோடு, எதிர்த்தரப்பில் என் வேலையைப் பார்த்தவரோடு வாக்குப்பதிவு நாளன்று ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அவர் கட்சியிலும் கதை இதேதான் என்றார்.

தோற்ற கட்சிக்குள் முதல் இரண்டு வாரம் என்ன நடக்கும் என்பது வெளியே இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. மாவட்ட நிர்வாகிகள் போனை எடுக்க மாட்டார்கள். அப்புறம் ஒருநாள் திடீரென்று எல்லா மாவட்டங்களிலிருந்தும் ஒரே வாசகத்தில் தீர்மானம் வரும்: தலைமையின் மீது முழு நம்பிக்கை வைத்திருக்கிறோம். தலைவர் விலகப்போவதாகச் சொன்னால், விலகக் கூடாது என்று இன்னொரு தீர்மானம். எல்லாம் அடங்கிய பிறகு ஆய்வுக் கூட்டம். வேட்பாளர் சரியில்லை என்பார் ஒருவர். கூட்டணிக் கட்சிக்காரர்கள் வேலை செய்யவில்லை என்பார் இன்னொருவர். மேலிருந்து வந்த பணம் கீழே வரவில்லை என்று பின்வரிசையில் முணுமுணுப்பு கேட்கும். வாக்குப்பதிவு இயந்திரத்தில்தான் கோளாறு என்று யாராவது ஆரம்பித்ததும் மேடையில் இருப்பவர்கள் முகம் தெளிந்துவிடும். அந்தக் காரணத்தில் கட்சிக்காரர் யார் பெயரும் அடிபடாது பாருங்கள்.

அப்படி ஒரு கூட்டத்துக்கு நான் படிவம் 20-ஐ எடுத்துக்கொண்டு போனேன். எந்த வாக்குச்சாவடியில் எந்த வேட்பாளருக்கு எத்தனை வாக்கு என்று வரிசையாகச் சொல்லும் அரசாங்கக் கணக்கு அது. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் எவரும் இறக்கிக்கொள்ளலாம். பக்கத்தில் எங்கள் கிளையின் உறுப்பினர் பதிவேட்டை வைத்துக்கொண்டேன். எங்கள் சாவடிக்கு உட்பட்ட தெருக்களில் கட்சிக்கு இருப்பதாகப் பதிவேடு சொன்ன உறுப்பினர் எண்ணிக்கை, அந்தச் சாவடியில் எங்கள் வேட்பாளருக்கு விழுந்த வாக்குகளைவிட அதிகம். ஒன்று, எங்கள் உறுப்பினர்களே எங்களுக்கு ஓட்டுப் போடவில்லை. இல்லையென்றால், அந்த உறுப்பினர்களே இல்லை. மாவட்டப் பொறுப்பாளரிடம் இரண்டு தாளையும் காட்டினேன். "இதை இங்க பேச வேண்டாம், தனியா வாங்க" என்றார். தனியாகப் போனேன். அவர் வரவில்லை.

பதிவேடு எப்படி ஊதிப் பெருக்கிறது என்பதைக் கட்சிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். உறுப்பினர் சேர்க்கை அறிவித்ததும் கிளைகளுக்குப் படிவக் கட்டுகள் வரும். நிரப்பி, அடிக்கட்டையைக் கிழித்து வைத்துக்கொண்டு, கட்டணத்தோடு குறிப்பிட்ட தேதிக்குள் மாவட்டத்தில் ஒப்படைக்க வேண்டும். வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்குகிற கிளைகளும் உண்டு. அப்படிச் செய்தால் ஒரு கட்டு முடியவே நாளாகும். அதனால் பல இடங்களில் வாக்காளர் பட்டியலை எழுதத் தெரிந்த பையன் ஒருவனிடம் கொடுத்துவிடுவார்கள். பெயர், தகப்பனார் பெயர், வயது, வீட்டு எண் எல்லாம் அதிலேயே இருக்கிறதே. ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே ராத்திரி. கட்டணம் சொற்பத் தொகை. வசதியான ஒருவர் மொத்தமாகக் கட்டிவிடுவார். ஒன்றியத்தில் அடுத்த பதவி அவருக்குத்தான் என்பது பேசாமலே பேசிக்கொண்ட ஏற்பாடு. இப்போது மிஸ்டு கால் கொடுத்தாலே உறுப்பினர் என்று ஆகிவிட்டது, அந்தப் பேனாவுக்கும் வேலை இல்லை.

அந்த மாதிரி நிரப்பிய கட்டு ஒன்று என் கையெழுத்துக்காக வந்தது. புரட்டினால், நானே அலைந்து டெத் க்ளைம் வாங்கிக் கொடுத்த குடும்பத்தின் பெரியவர் அதில் புது உறுப்பினராகச் சேர்ந்திருந்தார். இரண்டு பக்கம் தள்ளி, எதிர்க்கட்சி வார்டு உறுப்பினரின் மனைவி. கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினேன். வேறு வழியாக அது மேலே போய்ச் சேர்ந்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். என் தொழிலில் பிரீமியம் நின்றுபோன பாலிசியை யாரும் நடப்பில் இருப்பதாகக் காட்டிக்கொள்ள முடியாது. காலாவதி என்று கம்ப்யூட்டரே எழுதிவிடும். கட்சிப் பதிவேட்டில் அந்த ஏற்பாடு கிடையாது.

இதற்கும் புதுத் தலைவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கிளைகளின் உறுப்பினர் கணக்கை வைத்து ஒன்றியம், ஒன்றியங்களை வைத்து மாவட்டம், மாவட்டங்களின் பலத்தை வைத்துப் பொதுக்குழு. பெரும்பாலான கட்சிகளில் தலைமையைத் தேர்ந்தெடுப்பதோ, தேர்ந்தெடுத்ததாகக் கைதட்டுவதோ இந்தப் பொதுக்குழுதான். கீழ்மட்டக் கணக்கு போலி என்றால், பொதுக்குழுவில் உட்காருகிறவர் யாருடைய பிரதிநிதி? அவரை அங்கே உட்கார வைத்தவருடைய பிரதிநிதி. அதாவது தோல்வியை வாங்கித் தந்த தலைமை நியமித்த ஆட்கள், அந்தத் தலைமைக்குப் பிறகு யார் என்று முடிவு செய்கிறார்கள். இந்த வழியில் எப்பேர்ப்பட்டவர் வருவார்? மாவட்டச் செயலாளர்கள் யாரையும் தொந்தரவு செய்ய மாட்டார் என்ற நம்பிக்கையைத் தந்தவர் வருவார். கட்சியைத் திருப்பிக் கட்ட வேண்டுமானால் முதலில் தொந்தரவுக்கு உள்ளாக வேண்டியவர்களே அவர்கள்தானே.

காங்கிரஸ் கதையைப் பாருங்கள். 2014-ல் 44 இடங்கள், 2019-ல் 52. இரண்டாவது தோல்விக்குப் பிறகு ராகுல் காந்தி பதவி விலகினார். அந்த ஆண்டு ஆகஸ்டில் சோனியா காந்தி இடைக்காலத் தலைவரானார். இடைக்காலம் என்ற சொல்லுக்கு ஆறு மாதம், ஒரு வருடம் என்று நாம் நினைப்போம். அது மூன்று வருடத்தைத் தாண்டி ஓடியது. 2022 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது. மல்லிகார்ஜுன கார்கேவுக்கு 7,897 வாக்குகள், சசி தரூருக்கு 1,072. நேரு குடும்பத்துக்கு வெளியே ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது 24 ஆண்டுகளுக்குப் பிறகு. இதைத்தான் எல்லோரும் எழுதினார்கள்.

எனக்கு முக்கியமாகப் பட்டது வாக்குப்பதிவுக்கு முன்னால் நடந்த சின்னத் தகராறு. வாக்குரிமை உள்ள ஒன்பதாயிரத்துச் சொச்சம் பிரதிநிதிகள் யார் யார் என்ற பட்டியலை வெளியிடுங்கள் என்று தரூர், மணீஷ் திவாரி, கார்த்தி சிதம்பரம் போன்றவர்கள் வெளிப்படையாகக் கேட்டார்கள். கட்சியின் தேர்தல் பொறுப்பாளர் மதுசூதன் மிஸ்திரி, அது பொதுவில் வெளியிடுகிற பட்டியல் இல்லை, மாநில அலுவலகங்களில் பார்த்துக்கொள்ளலாம், வேட்பாளர்களுக்குத் தருவோம் என்ற வகையில் பதில் சொன்னார். ஒரு பஞ்சாயத்துத் தேர்தலில்கூட வாக்காளர் பட்டியலை ஒட்டி வைத்து ஆட்சேபம் கேட்கிறார்கள். நாட்டின் பழைய கட்சிக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் யார் என்று அறிய, கட்சியின் எம்.பி.க்களே பத்திரிகைகளில் பேச வேண்டியிருந்தது. கார்கே நல்லவரா, தரூர் கெட்டிக்காரரா என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். பட்டியலைக் காட்டத் தயங்கிய தேர்தலில் யார் ஜெயித்திருந்தாலும் என் கேள்வி அப்படியேதான் இருந்திருக்கும்.

இருந்தாலும் ஒரு வாக்கெடுப்பு நடந்ததே என்பதை ஒப்புக்கொள்கிறேன். எண்ணிப் பார்த்துச் சொன்னார்கள். அதே கட்சியில் 2000-ல் சோனியா காந்தியை எதிர்த்து நின்ற ஜிதேந்திர பிரசாதாவுக்குக் கிடைத்தது 94 வாக்குகள். அவருக்கு 94 வாக்காவது விழுந்ததே, நம் பக்கத்துக் கட்சிகள் பலவற்றில் வேட்புமனுத் தாக்கல் செய்யவே ஆள் இருக்காது.

அ.தி.மு.க.வை எடுத்துக்கொண்டால், பொதுச்செயலாளரைக் கட்சியின் அடிப்படை உறுப்பினர்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எம்.ஜி.ஆர். காலத்து விதி. தாளில் பார்த்தால் நாட்டிலேயே தாராளமான விதிகளில் ஒன்று. 2021-ல் ஆட்சியை இழந்து 66 இடங்களோடு எதிர்க்கட்சியானது, பிறகு இரட்டைத் தலைமை வேண்டாம் என்று 2022 ஜூலையில் பொதுக்குழு முடிவெடுத்தது. அப்போது அந்த விதியோடு சில நிபந்தனைகளும் சேர்ந்தன. போட்டியிடுகிறவர் ஐந்து ஆண்டுகள் தலைமைக் கழகப் பொறுப்பில் இருந்திருக்க வேண்டும். பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், பத்துப் பேர் வழிமொழிய வேண்டும். 2023 மார்ச்சில் எடப்பாடி பழனிசாமி போட்டியின்றித் தேர்வானார். அவர் வந்தது சரியா தவறா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. வாக்கு உறுப்பினரிடம், வாசல் சாவி மாவட்டச் செயலாளரிடம் என்றால் அந்த வாக்கை எங்கே போய்ப் போடுவது என்பதுதான் நான் கேட்பது.

அடுத்து சட்டம். இதை எழுதத்தான் உண்மையில் உட்கார்ந்தேன்.

கட்சிகளின் பதிவு, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1989-ல் சேர்ந்த 29ஏ பிரிவின்கீழ் நடக்கிறது. உட்கட்சித் தேர்தல் நடத்துவோம் என்று கட்சியின் சட்டதிட்டத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டு நடத்தாமல் இருந்தால்? பதிவு செய்த கட்சியைச் சில அபூர்வமான காரணங்களைத் தவிர நீக்கும் அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்கு இல்லை என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே எல்லோரும் எழுதிக் கொடுக்கிறார்கள்.

கட்சி இரண்டாகப் பிளந்து, சின்னம் யாருக்கு என்ற வழக்கு வரும்போதுதான் வினை. 1968-ஆம் ஆண்டுச் சின்னங்கள் ஆணையின் 15-வது பத்தியை வைத்து ஆணையம் முடிவு செய்கிறது. 1969-ல் காங்கிரஸ் பிளந்தபோது எம்.பி., எம்.எல்.ஏ.க்களில் யாருக்குப் பெரும்பான்மை என்று பார்த்தார்கள்; கட்சி அமைப்பின் பிரதிநிதிகளில் யாருக்குப் பெரும்பான்மை என்றும் பார்த்தார்கள். 1971-ல் சாதிக் அலி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. சரி, இரண்டு கால் இருந்தது. 2023 பிப்ரவரியில் சிவசேனை வழக்கு வந்தபோது ஒரு கால் போய்விட்டது. கட்சியின் சட்டதிட்டம் ஜனநாயகப்படி இல்லை, அமைப்பில் யாருக்குப் பெரும்பான்மை என்று நம்பகமாகச் சொல்ல முடியவில்லை என்ற நிலையில், ஆணையம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களின் தலையை எண்ணியது. 55 எம்.எல்.ஏ.க்களில் 40 பேர், பிரிந்து நின்ற ஏக்நாத் ஷிண்டே பக்கம். கட்சிப் பெயரும் வில் அம்புச் சின்னமும் அந்தப் பக்கம் போயின. ஒரு வருடம் கழித்து, 2024 பிப்ரவரியில் தேசியவாத காங்கிரஸ் வழக்கிலும் சட்டமன்றப் பலமே முடிவு செய்தது. கடிகாரச் சின்னம் அஜித் பவாருக்குப் போனது. கட்சியைத் தொடங்கியவர் சரத் பவார், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தெரிந்திருப்பதை ஆணையம் எண்ண முடியாது.

இதை ஒரு தோற்ற கட்சியின் இடத்தில் நின்று யோசியுங்கள். நம்பத்தக்க உறுப்பினர் பட்டியல் இல்லை, ஒழுங்கான உட்கட்சித் தேர்தல் இல்லை. அப்படியானால் பிளவு வரும்போது கட்சி, மிஞ்சியிருக்கும் எம்.எல்.ஏ.க்களுக்குச் சொந்தம். ஜெயித்த காலத்தில் நூற்றுக்கு மேல் இருந்தார்கள், பாதிப் பேரை இழுப்பது கஷ்டம். தோற்ற பிறகு பத்துப் பேர், பதினைந்து பேர். எதிரே இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். லட்சக்கணக்கான தொண்டர்களின் கட்சி என்று மேடையில் பேசுகிறோம். அந்த லட்சக்கணக்கான பேரைக் காகிதத்தில் நிரூபிக்க முடியாததால், சட்டத்தின் கண்ணுக்குக் கட்சி ஒரு வேன் நிறைய ஆட்களாகச் சுருங்கிவிடுகிறது. பதிவேட்டைச் சுத்தப்படுத்துவது ஏதோ கணக்குப்பிள்ளை வேலை என்று நினைக்கிற தலைவர்களுக்கு இந்த ஒரு பத்தியை மட்டுமாவது யாராவது வெட்டி அனுப்புங்கள்.

இங்கே ஒரு மறுப்பு வரும், வரட்டும். தி.மு.க. 1991-ல் இரண்டே இடங்களுக்கு இறங்கியது, தலைமை மாறவில்லை, 1996-ல் ஆட்சிக்கு வந்தது. அந்த 1996-ல் அ.தி.மு.க. நான்கு இடங்கள், ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார், தலைமை மாறவில்லை, 2001-ல் திரும்பி வந்தார். பட்டியலும் வேண்டாம், தேர்தலும் வேண்டாம், காத்திருந்தால் போதும் என்பார்கள். ஆளுங்கட்சி மீது மக்களுக்கு வரும் கோபத்தில் தானாகத் திரும்பி வந்த கட்சிகள் அவை. வேறு போக்கிடம் இல்லாத காலத்தில் அது நடக்கும். மூன்றாவதாக ஒருவர் கடை விரித்துவிட்டால் அந்தக் கோபம் அங்கேயும் போகலாம். அதோடு அந்த இரண்டு தலைவர்களும் ஏற்கெனவே கட்சியின் முழுப் பிடியும் கையில் இருந்தவர்கள். புதிதாக ஒருவரைக் கொண்டுவர வேண்டிய கட்சிக்கு அவர்கள் உதாரணம் ஆக மாட்டார்கள்.

புதிதாக ஒருவரைக் கொண்டுவர வேண்டிய நிலைமைக்குப் பொருத்தமான கதை 1989. எம்.ஜி.ஆர். மறைந்த பிறகு அ.தி.மு.க. இரண்டாக நின்றது. இரட்டை இலை யாருக்கும் இல்லை. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. ஜெயலலிதா அணிக்கு 27 இடங்கள், ஜானகி அணிக்கு இரண்டு, ஆண்டிபட்டியில் ஜானகியே தோற்றார். கட்சிக்குள் தீர்க்க முடியாததைப் பொதுமக்கள் தீர்த்துவைத்தார்கள். பிறகு இரண்டும் சேர்ந்தன, சின்னம் திரும்பியது, 1991-ல் ஆட்சியும் வந்தது. அழகாக முடிந்த கதைதான். ஆனால் தலைவர் யார் என்று தெரிந்துகொள்ள ஒரு சட்டமன்றத் தேர்தலையே பலி கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வசதி எல்லாக் கட்சிக்கும் கிடைக்காது.

உறுப்பினர்கள் கையில் வாக்கைக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். பிரிட்டனில் கன்சர்வேட்டிவ் கட்சி 1997-ல் படுதோல்வி அடைந்த பிறகு விதியை மாற்றியது: எம்.பி.க்கள் வடிகட்டி இருவரை அனுப்ப வேண்டும், அந்த இருவரில் ஒருவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். 2001-ல் மறுபடி தோல்வி. கடைசிச் சுற்றில் எம்.பி.க்களின் வாக்கு கென்னத் கிளார்க்குக்கு 59, இயன் டங்கன் ஸ்மித்துக்கு 54, மைக்கேல் போர்ட்டில்லோவுக்கு 53. ஒரே வாக்கில் போர்ட்டில்லோ வெளியே. உறுப்பினர்களோ டங்கன் ஸ்மித்தை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளோடு ஜெயிக்க வைத்தார்கள். எம்.பி.க்களில் மூன்றில் ஒரு பங்குதான் அவர் பக்கம் இருந்தது. 2003 அக்டோபரில் அவர்களே 90-க்கு 75 என்று அவரை இறக்கிவிட்டார்கள். ஒரு பொதுத்தேர்தலைக்கூட அவர் பார்க்கவில்லை.

2005-ல் மூன்றாவது முறையாகவும் தோற்ற பிறகு தலைவர் மைக்கேல் ஹோவர்ட் ஒரு காரியம் செய்தார். விலகுகிறேன் என்று மறுநாளே அறிவித்தார், ஆனால் அடுத்தவர் வரும்வரை நாற்காலியில் இருந்தார். மே மாதம் தொடங்கி டிசம்பர் வரை தேர்வு நடந்தது. அக்டோபரில் கட்சி மாநாட்டில் போட்டியாளர்கள் எல்லோரும் வந்து பேசினார்கள். முன்னணியில் இருப்பதாகக் கருதப்பட்ட டேவிட் டேவிஸின் பேச்சு எடுபடவில்லை. கையில் குறிப்பு இல்லாமல் பேசிய டேவிட் கேமரூன் மேலே வந்தார், இரண்டு மடங்கு வாக்கில் ஜெயித்தார். 2010-ல் கூட்டணி அமைத்துப் பிரதமர். அவசரப்பட்டு ஜூன் மாதமே முடித்திருந்தால் அவர் வந்திருப்பாரா என்பது சந்தேகம்.

கனடாவின் லிபரல் கட்சி செய்தது எனக்கு இன்னும் பிடித்தது. 2011-ல் 308-க்கு 34 இடங்கள், தலைவரே சொந்தத் தொகுதியில் தோற்றார். இடைக்காலத் தலைவராக பாப் ரேயைப் போட்டார்கள். நிரந்தரத் தலைமைக்குப் போட்டியிடக் கூடாது என்பது நிபந்தனை. ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து, 2013 ஏப்ரலில்தான் ஜஸ்டின் ட்ரூடோவைத் தேர்ந்தெடுத்தார்கள். 2015-ல் 184 இடங்கள். ட்ரூடோ முன்னாள் பிரதமர் ஒருவரின் மகன், வாரிசுதானே என்று நம்மவர்கள் சிரிப்பார்கள். வாரிசுதான். ஆனால் எண்ணப்பட்ட வாக்கில் வந்த வாரிசு. இடைக்காலத்தில் நாற்காலியில் இருந்தவருக்கு அதில் ஒட்டிக்கொள்ள வழியில்லை என்பதைக் கவனியுங்கள். நம் ஊர்க் கட்சிகளில் இடைக்காலம் என்று உட்காருகிறவர் முதல் வேலையாக மாவட்டச் செயலாளர்களை மாற்றுகிறார். யாருக்காக மாற்றுகிறார் என்று சொல்லவும் வேண்டுமா?

சுத்தமான பட்டியல் வைத்திருந்தும் தோற்கிற கட்சி உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். மார்க்சிஸ்ட் கட்சியில் உறுப்பினர் பதவியை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். புதிதாக வருபவர் முதலில் பரீட்சார்த்த உறுப்பினர். மேற்கு வங்கத்தில் 34 ஆண்டுகள் ஆண்ட அந்தக் கட்சி 2021 சட்டமன்றத் தேர்தலில் ஓர் இடம்கூடப் பெறவில்லை. பட்டியல் வாக்கு வாங்கித் தராது. வாக்கு ஏன் போனது என்று கேட்டறிய ஆட்களைத் தரும், அவ்வளவுதான். போலிப் பட்டியலில் அதுவும் கிடையாது. செத்தவரிடம் போய் ஏன் எங்களுக்கு ஓட்டுப் போடவில்லை என்று கேட்க முடியாது.

கட்சி உடைந்துவிடும் என்ற பயம் கடைசியாக வரும் ஆயுதம். ஏகமனதாகத் தேர்ந்தெடுப்பது நம் பண்பாடு, போட்டி வைத்தால் பகை வளரும் என்பார்கள். 1939-ல் காங்கிரஸ் தலைவர் தேர்தலில், காந்தியின் ஆதரவு பெற்ற பட்டாபி சீதாராமையாவை சுபாஷ் சந்திர போஸ் வாக்கெடுப்பில் ஜெயித்தார். சில மாதங்களில் விலக நேர்ந்தது, தனிக் கட்சி கண்டார். போட்டிக்குப் பிறகு பிளவு வரும் என்பதற்கு இது உதாரணம்தான், மறைக்கவில்லை. ஆனால் மேலே சொன்ன அ.தி.மு.க., சிவசேனை, தேசியவாத காங்கிரஸ் உடைவுகளில் எந்த ஒன்றும் உறுப்பினர்களிடம் வாக்குச்சீட்டைக் கொடுத்ததால் வரவில்லை. ஏகமனதாக நடந்துகொண்டிருந்த கட்சிகள்தான் அவையும்.

நான் வேண்டுவது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. தோற்ற தலைவர் கௌரவமாக விலகட்டும். அடுத்தவர் வரும்வரை, போட்டியிடாத ஒரு மூத்தவர் பார்த்துக்கொள்ளட்டும். உறுப்பினர் பட்டியலை வாக்குச்சாவடி வாரியாகப் பிரித்து, கிளை அலுவலகத்தில் ஒட்டி, ஆட்சேபம் கேளுங்கள். ஒரே கைபேசி எண்ணில் முப்பது பேர் இருந்தால் அந்தப் பக்கத்தையே அடியுங்கள். எண்ணிக்கை பத்தில் ஒன்றாகக் குறையலாம், குறையட்டும். போட்டி அறிவிக்கிற தேதிக்கு முன்னால் சேர்ந்தவருக்குத்தான் வாக்கு என்று வையுங்கள். பிரிட்டனில் தொழிலாளர் கட்சி 2015-ல் போட்டி நடக்கும்போதே மூன்று பவுண்டு கட்டினால் வாக்கு என்று கதவைத் திறந்து வைத்தது, ஜெரமி கோர்பின் ஜெயித்தார், அடுத்த வருடமே எம்.பி.க்களில் 172 பேர் அவர் மீது நம்பிக்கை இல்லை என்றார்கள்.

ஆனால் தோல்விக்கும் அந்த அறிவிப்புக்கும் நடுவே சில மாதம் சேர்க்கையைத் திறந்து வையுங்கள். என் அனுபவத்தில் தோற்ற பிறகு வந்து சேருகிறவரைத்தான் நம்பலாம். ஜெயித்த மறுநாள் மாலையோடு வருகிறவர்களுக்கு ஒப்பந்தமோ பதவியோ கணக்கில் இருக்கும். தோற்ற மாதத்தில் ஒரு கல்லூரிப் பெண் கிளை அலுவலகத்தைத் தேடி வந்து படிவம் கேட்டாள். அலுவலகம் பூட்டியிருந்ததால் என் வீட்டுக்கு வந்திருந்தாள். எங்களிடம் படிவமே இல்லை. மாவட்டத்தில் கேட்டால், இப்போது சேர்க்கை இல்லை, அடுத்த முகாமில் பார்க்கலாம் என்றார்கள். செத்தவருக்கு ராத்திரியோடு ராத்திரியாகப் படிவம் நிரப்பத் தெரிந்த கட்சி இது.

உங்கள் நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தலைவர் என்று பேசப்படுகிறவர்களைப் பேட்டி எடுக்கும்போது, கொள்கை, கூட்டணி எல்லாம் கேட்டு முடித்த பிறகு இதையும் கேளுங்கள்: நீங்கள் ஓட்டுப் போடுகிற வாக்குச்சாவடியில் உங்கள் கட்சிக்கு எத்தனை உறுப்பினர்கள், போன தேர்தலில் எத்தனை வாக்குகள் விழுந்தன? சொல்கிற பதிலைப் படிவம் 20-ஓடு ஒப்பிட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள்.

கடிதம் நீண்டுவிட்டது, தெரியும். இடம் போதாவிட்டால் பிரிட்டன், கனடா கதைகளை வெட்டிக்கொள்ளுங்கள். சின்னம் வழக்குகளைப் பற்றி எழுதியதை மட்டும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் கிளைச் செயலாளர்
(பெயர் வெளியிட வேண்டாம்)